பழைய செங்கல் சுவரில் விரிசல்: புதுப்பிக்கும் முன் என்ன பார்ப்பது?

நூறு வருடச் சுண்ணாம்புக் கட்டடம், சுவரில் விரிசல், பூசிவிட்டு வேலையைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே பூசிவிடாதீர்கள். பூசினால் சுவர் சொல்ல வருவது மறைந்துவிடும். அது பழைய காயமா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

விரிசலுக்குள்ளே தூசியும் நூலாம்படையும் படிந்திருந்தால் பெரும்பாலும் பழசு. முறிந்த செங்கல் முகம் புதுச் சிவப்பாக இருந்தால் கவலைப்பட வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். வெனிஸில் 1902-ல் புனித மாற்கு மணிக்கூண்டின் விரிசலில் இப்படித்தான் வைத்தார்கள். ஜூலை 13 அன்று கண்ணாடிகள் உடைந்திருந்தன. மறுநாள் காலை கோபுரமே சரிந்தது. ஆட்களை முன்பே விலக்கியிருந்ததால் மனித உயிர் ஒன்றும் போகவில்லை.

உங்கள் கண்ணாடி உடைந்தால், முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். உடனே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். உடையாவிட்டாலும் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பொறுத்துப் பாருங்கள். தூக்குக்குண்டு விட்டுச் சாய்வையும், சுத்தியலால் மெல்லத் தட்டிப் பொள்ளலையும் அதற்குள் பார்த்துவிடலாம். பூசும் நாள் வந்தால் சுண்ணாம்புக் காரைதான், சிமெண்ட் வேண்டாம். அது ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும்.