முதுகுப் பயிற்சிக்கு யாரும் வரவில்லையா?

வணக்கம். ஜெர்மனியில், மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து வேலை செய்யும் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறீர்கள். முதுகுவலிக்காக மாலையில் வைத்த பயிற்சி வகுப்புக்கு, அறிவுசார் குறைபாடு உள்ள ஊழியர்கள் வருவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அக்கறை இல்லாதவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலை முடிந்த பிறகு வகுப்பு என்றால் யார்தான் வருவார்கள்? பழகிய பேருந்தைத் தவறவிட்டால் சிலருக்கு அன்றைய மாலையே குழம்பிவிடும். வேலை நேரத்துக்குள், இஸ்திரி மேசைக்குப் பக்கத்திலேயே பத்து நிமிடம் வையுங்கள். அறிவிப்பு சின்னச் சின்ன வாக்கியங்களில், படத்தோடு இருக்கட்டும். துணி மூட்டையை எப்படித் தூக்குவது என்று சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள், அதுவும் பல நாள். அப்புறம், மேசை உயரம் சரியில்லையென்றால் எந்தப் பயிற்சியும் உதவாது. உயரம் மாற்றக்கூடிய மேசைக்கு இன்டெக்ரட்சியோன்ஸ்ஆம்ட் என்ற, மாற்றுத்திறனாளிகளின் வேலைக்கு உதவும் அரசு அலுவலகத்தில் நிதியுதவி கேட்கலாம்.

நிர்வாகம் முனகினால் சமூகச் சட்டத் தொகுப்பின் 9ஆம் நூல், 216ஆம் பிரிவைக் காட்டுங்கள். உங்களுடையது போன்ற நிறுவனங்களின் கடமைகளில் பணியிட நல்வாழ்வு நடவடிக்கைகளையும் அது சேர்த்திருக்கிறது. பயிற்றுநருக்கு மருத்துவக் காப்பீட்டு நிதியத்தைக் கேளுங்கள். இதற்கு ஆதரவு தருவது அவர்கள் வேலைதான்.

எதற்கும் முதலில் அந்த ஊழியர்களிடமே எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிடுங்கள். முதுகாக இல்லாமல் காலாகவும் இருக்கலாம்.