கேள்வி-பதில்: ரோச் தோற்றவரா?

கேள்வி: எம்.பி.யாக இருந்தவரைத் தூதராக்குவது, அப்புறம் நியமன மேலவையான செனட்டில் உட்காரவைப்பது! கனடாவிலும் தோற்ற அரசியல்வாதிகளுக்கு மறுவாழ்வு இப்படித்தானா? டக்ளஸ் ரோச் ஓர் உதாரணம் போதாதா?

பதில்: உதாரணத்தைக் கொஞ்சம் விசாரித்துவிட்டு எழுதியிருக்கலாம். கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த ரோச், 1972, 1974, 1979, 1980 என்று நான்கு பொதுத்தேர்தல்களில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மண்டன் நகரிலிருந்து ஜெயித்தவர். 1984இல் அவராகத்தான் போட்டியிடாமல் ஒதுங்கினார். அது எப்படிப்பட்ட தேர்தல் தெரியுமா? அவருடைய முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி மொத்தம் 282 இடங்களில் 211ஐ அள்ளியது. நின்றிருந்தால் அந்த அலையில் அவரும் சுலபமாகக் கரையேறியிருப்பார்.

அதே ஆண்டு பிரதமர் முல்ரோனி அவரை ஆயுதக் குறைப்புத் தூதராக்கினார். சொந்தக் கட்சி ஆட்சி கொடுத்த பதவி என்று நீங்கள் முணுமுணுக்கலாம், சரி. ஆனால் அணு ஆயுத எதிர்ப்பு அவருக்குப் பதவியோடு வந்த ஆர்வம் இல்லை. அதற்கு முன்பே பல நாட்டு எம்.பி.க்கள் சேர்ந்து நடத்திய உலக அமைதி அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். 1988இல் ஆயுதக் குறைப்பைக் கவனிக்கும் ஐ.நா. பொதுச்சபையின் முதல் குழு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. முல்ரோனி நினைத்தாலும் தூக்கிக் கொடுக்க முடியாத நாற்காலி அது.

செனட் விஷயத்தில்தான் எனக்கும் உறுத்தல் உண்டு. ஆனால் உங்கள் காரணத்துக்காக இல்லை. 1998 செப்டம்பரில் இந்தப் பழைய கன்சர்வேட்டிவை நியமித்தவர் லிபரல் பிரதமர் ழான் கிரெட்டியன். ரோச் அவர் கட்சியிலும் சேராமல், பழைய கட்சிக்கும் திரும்பாமல் சுயேச்சையாக உட்கார்ந்தார். விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு என்று இதைச் சொல்ல வழியே இல்லை. கோளாறு தேதியில் இருக்கிறது. தன் செனட்டர்களாக யார் வர வேண்டும் என்று ஆல்பர்ட்டா மாகாணம் அடுத்த மாதமே வாக்கெடுப்பு நடத்தவிருந்தது. அதன் முடிவைப் பிரதமர் ஏற்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. அதனால் என்ன, நான்கு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா? அந்த மாகாணத்துக்கான காலியிடத்தை அவசரமாக நிரப்பினார் கிரெட்டியன், அதுவும் குறை சொல்ல முடியாத ஒரு மனிதரை வைத்து. கெட்டிக்காரத்தனம்தான். கண்ணியம் என்று சொல்ல மாட்டேன்.

ரோச் 2004இல் 75 வயது முடிந்ததும், விதிப்படி ஓய்வு பெற்றார். நீங்கள் அனுதாபப்பட ஆள் தேடினால் அந்த அக்டோபர் வாக்கெடுப்பில் ஜெயித்த இருவர் இருக்கிறார்கள். ஒருவர் பெர்ட் பிரவுன். செனட் சீர்திருத்தக் கோரிக்கையை பார்லி வயலில் ராட்சத எழுத்தில் உழுது காட்டிய விவசாயி. ஹார்ப்பர் பிரதமராகி, 2007இல்தான் அவருக்கு இடம் கிடைத்தது. இன்னொருவரான டெட் மார்ட்டன் செனட்டுக்குள் போகவே இல்லை.