அப்பத்தாவோடு தனுஷ்கோடி மணல்மேட்டுக்கு

கேள்வி: பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைகளுக்குத் தனுஷ்கோடி மணல்மேடுகளைக் காட்டிவிட நினைக்கிறோம். 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர்களுடைய அப்பத்தாவுக்கு 72 வயது, மூட்டுவலி உண்டு. காலையில் காரில் கிளம்பி, ராமேஸ்வரத்தில் சாமி கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டு மதியம் மணலுக்குப் போய், இரவு வீடு திரும்புவதாகத் திட்டம். சரிவருமா? காரை மணலில் இறக்கலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: காரை இறக்கவே வேண்டாம். திட்டத்தில் கோயிலும் மணலும் இடம் மாறி, ஓர் இரவு தங்கவும் முடிந்தால் மற்றதெல்லாம் சரிவரும்.

மே மாத மதியத்தில் காய்ந்த மணலின் மேல்பரப்பு 55 டிகிரியைத் தாண்டிவிடும். செருப்புக்குள் சரிகிற ஒரு பிடி மணலே பிள்ளையின் பாதத்தைப் பொசுக்கப் போதும். வெயிலையாவது குடை தாங்கும், காற்றைத் தாங்காது. மே கடைசியில் தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வந்தாலே காய்ந்த மணல் கிளம்பிவிடும். அது புழுதி போல மேலே போகாது, தத்தித் தத்தித் தரையோடு ஓடும். பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேதான். உங்கள் கணுக்காலில் சுருக்கென்று குத்துகிற அதே மணல், உட்கார்ந்து விளையாடும் சின்னவனுக்கு நேரே கண்ணில் விழும். பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டையும் சாதாரணக் கண்ணாடியும் போட்டுவிடுங்கள்.

ஆகவே முதல் நாளே கிளம்புங்கள். தேவகோட்டை, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் வழியாக, சாலை முடிகிற அரிச்சல்முனை வரை 160 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும், நின்று போனால் நான்கு மணி நேரம். இரவு ராமேஸ்வரத்தில் தங்கி, விடிந்ததும் மணலுக்குப் போய், எட்டரை மணிக்குள் திரும்பிக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். நடை மதியம் சாத்துவதற்குள் தரிசனம் முடிந்துவிடும். மாலைக்கு என்று வைத்துக்கொண்டால், இருட்டுமுன் அங்கிருந்து எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவசரம்தான் மிஞ்சும். அமாவாசை நாட்களைத் தவிருங்கள். தை, மாசிக்குத் தள்ளிப்போட முடிந்தால் அதைவிட நல்லது: வெயில் குறைவு, பூநாரைகளும் வந்திருக்கும். 2025இல் அவற்றுக்காகவே தனுஷ்கோடியில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

பெரும்பாலானவர்கள் முனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நல்ல மேடுகள் முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் சாலையோரமாகவே தொடங்குகின்றன. ஏறுவதற்கு முன் மேட்டைப் பாருங்கள். காற்று வரும் பக்கம் சரிவு குறைவாக, அலை அலையாக வரி விழுந்திருக்கும். காற்று அழுத்தி அழுத்தி அந்தப் பக்கம் இறுகியிருக்கிறது, கால் அதிகம் புதையாது. மறுபக்கம், உச்சியைத் தாண்டி விழுந்த மணல் 30 டிகிரிக்கு மேல் செங்குத்தாக, பொலபொலவென்று நிற்கும். ஓரடி வைத்தால் முக்காலடி சறுக்கும். ஏறுவது வரிப் பக்கம், பிள்ளைகள் சறுக்கி இறங்குவது மறுபக்கம். ஆனால் அந்தச் சரிவின் அடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்காதீர்கள். காற்று மறைவு என்று தோன்றும். மேலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருக்கும், புளியோதரை நறநறக்கும்.

மணலில் நடப்பதற்குத் தார்ச்சாலையைப் போல இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும். அப்பத்தாவை மேடேற்ற வேண்டாம். சக்கர நாற்காலியும் புதையும். சாலையோரம் ஒரு மடக்கு நாற்காலி, குடை, மோர் போதும். அங்கிருந்தே மேடும் கடலும் தெரியும். மற்றவர்களுக்குப் பின்வார் வைத்த செருப்பு, ஆளுக்கு ஒரு லிட்டராவது தண்ணீர். கடலில் யாரும் இறங்கக் கூடாது. இரு கடலும் கூடுகிற இடம், நீரோட்டம் இழுத்துவிடும்.

கார் தார்ச்சாலையிலேயே நிற்கட்டும். உள்ளே தட்டையாக, காய்ந்து தெரிகிற வெளியை நம்பாதீர்கள், மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. காற்றுக் காலத்தில் சாலைமேலேயே மணல் ஏறிக் கிடக்கும். சக்கரம் மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சுழலச் சுழலக் குழிதான் ஆழமாகும். ஆட்களை இறக்கி, சக்கரங்களுக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, டயர் காற்றை 32இலிருந்து 20க்குக் குறைத்து, கால்மிதியைச் சக்கரத்தடியில் செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். ராமேஸ்வரம் வரை நிதானமாக ஓட்டி, முதல் வேலையாகக் காற்று நிரப்புங்கள்.

மேடுகளில் படர்ந்திருக்கும் அடம்புக்கொடியையும், முள்ளுருண்டை உருண்டோடும் ராவணன் மீசைப் புல்லையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பிடுங்க விடாதீர்கள். அந்த வேர்கள்தான் மேட்டைக் கட்டி வைத்திருக்கின்றன. கடலோர மேடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு, நினைவுக்கென்று மணல் அள்ளி வரக் கூடாது. மீனவக் குடும்பங்கள் சில அடி தோண்டி வைத்திருக்கும் ஊற்றைக் கேட்டுப் பாருங்கள். சுற்றிலும் கடல் இருக்க, உள்ளே குடிக்கிற தண்ணீர்! மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஒருவகையில் மணல்மேடு அவர்களுடைய ஊருணி. கேட்டு ஒரு வாய் குடிக்கலாம், கை கால் கழுவக் கூடாது.

ஊர் திரும்பியதும் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். துணிகளை உதறாமல் வாஷிங் மெஷினில் போட்டால் மணல் பம்ப்பை அடைத்துக்கொள்ளும்.