இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை

கேள்வி: நடைபாதையில் வசிப்பவர்களைப் பற்றி யாராவது ஆய்வு செய்துகொண்டே இருக்கிறார்கள். காரணங்கள், விளைவுகள், தீர்வுகள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குடியும் சோம்பலும்தான் காரணம் என்று சொல்ல ஆராய்ச்சி எதற்கு? புறநகரில் பெரும்பாக்கத்தில் அரசு வீடு கொடுத்தாலும் திரும்பி வந்து சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலையில்தான் படுக்கிறார்கள். வாடகைக்கு வீடா கிடைக்கவில்லை? என் வீட்டு மாடி போர்ஷனே நான்கு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது.
— வாசகர் ஒருவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இந்த ஆய்வுகள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அது உங்கள் கோபம் அல்ல.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் குழுவோடு அதே என்.எஸ்.சி. போஸ் சாலைக்குப் போயிருந்தேன். இரவு பத்து மணி. கடைகளின் ஷட்டர்கள் இறங்கிவிட்டன. பகலெல்லாம் கம்பித் தடுப்பில் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்த மூட்டையை ஒரு பாட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாய், ஓர் அலுமினியக் குண்டான், மூடி இறுகிய பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ரேஷன் அட்டை. மாணவன் படிவத்தைப் பார்த்து முதல் கேள்வியைப் படித்தான்: “எத்தனை ஆண்டுகளாக வீடில்லாமல் இருக்கிறீர்கள்?”

“யாருக்கு வீடில்லை? இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை என் வீடு. அந்தப் பக்கம் என் நாத்தனார் வீடு. நீதான் செருப்போடு உள்ளே நிற்கிறாய்” என்றார் பாட்டி.

பையன் செருப்பைக் கழற்றிவிட்டான். அந்தப் பதிலை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. பாட்டி பிறந்ததே அந்தச் சாலையில்தான் என்பதையும் எழுத இடமில்லை. “சென்னைக்கு வந்த ஆண்டு” என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் கோடு போட்டான். பாரிமுனையைச் சுற்றிலும் இப்படி மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர்.

குடிக்கு வருவோம். குடிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. குடிப்பவர்களெல்லாம் தெருவுக்கு வந்தாக வேண்டும் என்றால் உங்கள் தெருவில் எத்தனை மாடி காலியாகும் என்று எண்ணிப் பாருங்கள். மனநலம் குன்றி வீட்டை விட்டு வந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பெண்களுக்காகத்தான் 1993-இல் இதே சென்னையில் ‘தி பான்யன்’ என்ற தொண்டு அமைப்பு தொடங்கப்பட்டது. ஆனால் வீடில்லாதவர்களின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்று அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அகப்பட்ட விடை வேறு. டெட்ராய்ட் ஏழை நகரம், சான் பிரான்சிஸ்கோ பணக்கார நகரம். தெருவில் படுப்பவர்கள் அதிகம் இருப்பது பணக்கார நகரத்தில். காரணம், வாடகை. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்துச் சோதித்தார்கள். குடியை விடு, மருந்து சாப்பிடு என்று நிபந்தனை போடாமல் முதலில் வீட்டைக் கொடுத்தபோது, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களைவிட வீட்டில் நிலைத்தவர்கள் மிக அதிகம். இதைச் சொல்லத்தான் ஐயா ஆராய்ச்சி.

பெரும்பாக்கம் பாரிமுனையிலிருந்து 25 கிலோமீட்டர் இருக்கும். வால்டாக்ஸ் சாலையில் பார்சல் லாரி விடியுமுன் வந்து நிற்கும். மூட்டை இறக்க ஆள் அப்போதே வேண்டும். பூக்கடையில் உதிரிப்பூ வாங்கித் தொடுத்து விற்கும் பெண்ணுக்கும் அதே நேரக் கணக்குதான். சோம்பேறி அந்த நேரத்தில் எழுந்திருப்பானா? இது என் கண்டுபிடிப்பும் இல்லை. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்: வேலைக்குப் பக்கத்தில் இருக்கவே அவர்கள் நடைபாதையில் இருக்கிறார்கள், அங்கிருந்து எடுத்தால் பிழைப்பு போகும், பிழைப்பும் உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம். அப்படிச் சொல்லிவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் அப்புறப்படுத்தலாம் என்று அக்டோபர் 31 வரை தவணையும் கொடுத்தது. அந்த ஊரில் மழை அதற்குள் ஓய்ந்துவிடும். நமக்கு அப்போதுதான் தொடங்கும்.

காப்பகங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவும் வைத்தது. நல்லது. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு ஓர் இடம். புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், வளர்ந்த பையன் எந்தப் பக்கம்? தனியாக வந்தவருக்குக் காப்பகம் உதவும். குடும்பத்துக்கு வீடுதான் வேண்டும்.

விளைவுகளை நான் விவரிக்க வேண்டியதில்லை. கட்டணக் கழிப்பறைக்குப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காத பெண்களிடம் கேளுங்கள். வயதுக்கு வந்த மகள் தூங்க, தாய் உட்கார்ந்தே இரவைக் கழிப்பதைப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் மாடி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஊர் வழக்கமோ பத்து மாதம். தினக்கூலி வாங்குபவர் மாத வாடகையைக்கூட எப்படியாவது புரட்டிவிடுவார், அட்வான்ஸில்தான் விழுந்துவிடுகிறார். புரட்டினாலும் அடுத்த கேள்வி, “இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்?”

நான்கு மாதமாகக் காலியாக இருக்கும் அந்தப் போர்ஷனுக்கு எத்தனை மாத அட்வான்ஸ் கேட்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். ஆள் அனுப்புகிறேன்.