விடியற்காலை ஆட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிரிக்கெட் இருக்க, உங்களுக்கு இந்த பேஸ்போல் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது? – வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: மகள் டொரொன்டோவில் இருக்கிறா. அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கல்லடியில் எனக்கு விடியற்காலை நாலரை. பென்ஷன்காரனுக்கு அந்த நேரத்தில் நித்திரை ஏது? பிளேன்ரீயோடு உட்கார்ந்தால், மீன்காரரின் ஹோர்ன் கேட்கும் நேரம் ஆட்டம் முடியும். ஒரு அணிக்கு வருடத்தில் 162 ஆட்டம். அதனால் இரண்டு மூன்றைத் தவறவிட்டாலும் குடி முழுகாது. நம் ஊர் மட்டைப்பந்து ஆட்டமான எல்லே விளையாடியவருக்குப் பாதி விதி ஏற்கெனவே தெரியும்.

கேள்வி: புதுப் பந்தில் சேறு பூசுவார்களாமே, மெய்யா? – வாசகி, அக்கரைப்பற்று

பதில்: மெய்தான் பிள்ளை. சின்ன வயதில் நாங்கள் கிரிக்கெட் பந்தைக் காற்சட்டையில் தேய்த்துத் தேய்த்து மினுக்குவோம். சிவப்புக் கறையைக் கண்டால் அம்மா அகப்பைக்காம்போடு வருவா. அவர்கள் நேர்மாறு. புதுப் பந்து கையில் வழுக்கும் என்று, ஆட்டத்துக்கு முன்பே சேற்றைத் தடவி மினுக்கத்தைப் போக்குகிறார்கள். கண்ட கண்ட சேறெல்லாம் ஆகாது. லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்றுவிப்பாளர் 1938 இல் டெலவெயார் ஆற்றுப் பக்கம் கண்டுபிடித்த சேறுதான் வேண்டும். அள்ளும் இடம் இன்றைக்கும் இரகசியம். அதற்கு முன் புகையிலைச் சாறு, சப்பாத்துப் பொலிஷ் எல்லாம் பூசிப் பார்த்திருக்கிறார்கள். நமது வாவிக்கரைக் கண்ணா மரத்தடிச் சேறு ஒரு போத்தல் அனுப்பட்டுமா என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, அந்த மணத்துக்கு பிளேனையே திருப்பிடுவாங்க" என்றா.

கேள்வி: வயதான பயிற்றுவிப்பாளரும் ஏன் சீருடையில் நிற்கிறார்? – வாசகர், கல்முனை

பதில்: அந்தக் காலத்தில் அணியை நடத்தியவர் பெரும்பாலும் அதில் ஆடியவரே. அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. தொந்திக்குத்தான் கஷ்டம்.

கேள்வி: அவர்களுக்கும் மூடநம்பிக்கை உண்டா? – வாசகி, ஆரையம்பதி

பதில்: நம்மை விட மோசம். பந்து எறிபவர் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் தளம் சேரும் வாய்ப்பு, கொடுக்காமல் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தால் பெரிய சாதனை. அது நடந்துகொண்டிருக்கும்போது அணிக்காரர் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் உட்காரவும் மாட்டார்கள். நம் ஊரில் இதற்குப் பெயர் நாவூறு. டொரொன்டோ அணியின் டேவ் ஸ்டீப் 1988 இல் தான் எறிந்த அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில், கடைசி ஒரே ஒரு ஆளை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் அதை நழுவவிட்டார். 1990 இல்தான் கைகூடியது.

போன வருடம் இப்படி ஒரு ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ். பொறுக்காமல் மகளுக்குப் போன் போட்டு, "இன்னும் ஒரு ஹிட்டும் இல்லை, பார்த்தியா?" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, அடித்துவிட்டான். மகள் போனை வைத்துவிட்டா. குசினிக்குள்ளிருந்து மனுசி மட்டும் சொன்னா: "உங்கட வாய்க்கு முதல்ல செத்தல் மிளகாய் சுத்திப் போடணும்."