கிளாம்பைக் கழற்றியதும் வெல்டிங் தகடு ஏன் வளைகிறது?

திருவொற்றியூர்ப் பட்டறைத் தம்பி இதைக் கேட்டு, முன்கூட்டியே கணிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

வெளிப் பாரம் இல்லாதபோதும் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும் இழுப்பு, அதாவது எச்சத் தகைவுதான் காரணம். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கப் பார்க்கும். பக்கத்துக் குளிர்ந்த தகடு விடாது. கிளாம்ப் இருக்கும்வரை தகடு அசையாது; கழற்றியதும் அந்த இழுப்பு தகட்டை வளைத்துவிடும். அசையாமல் பிடித்து வைத்த எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்பில் ஒவ்வொரு டிகிரி இறக்கத்துக்கும் சுமார் 2.4 மெகாபாஸ்கல் இழுவிசை ஏறும். அதன் யீல்டு எல்லையோ (அதைத் தாண்டினால் இரும்பு பழைய வடிவுக்குத் திரும்பாது) ஏறக்குறைய 250 மெகாபாஸ்கல். ஆக, நூறு டிகிரி இறங்கினாலே எல்லை வந்துவிடும். வெல்டோ 1500 டிகிரியிலிருந்து இறங்குகிறது, தம்பி!

அதனால் வெல்டை ஒட்டி யீல்டு அளவுக்கே இழுவிசை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகக் கிரேன் மாதிரி திரும்பத் திரும்பப் பாரம் ஏறும் வேலைக்கு இந்த எச்சரிக்கை மிக அவசியம்.

முன்கூட்டியே துல்லியமாகக் கணிக்க வேண்டுமென்றால் ஃபைனைட் எலிமென்ட் கணக்கு (தகட்டைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் போடுவது): முதலில் வெப்பம், பிறகு தகைவு. உள்ளீடு தவறினால் விடையும் தவறும். சிறு துளையிட்டு எச்சத் தகைவை அளந்து சரிபார்ப்பது நல்லது.