வியர்க்காத குதிரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஈவென்டிங் (டிரஸ்ஸாஜ் என்ற நடை அழகுப் பகுதி, கிராஸ் கன்ட்ரி என்ற வெளித்திடல் தடை ஓட்டம், ஜம்பிங் மூன்றும் சேர்ந்த குதிரையேற்றப் போட்டி) பற்றித் தமிழில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஆறு வருடங்கள் ஒரே குதிரையோடு இருந்தேன். சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் ஓடி ஓய்வுபெற்ற குதிரை அது. கடைசி இரண்டு வருடங்களில் எந்தத் தடையின் முன்னும் அவன் நின்றதில்லை. சென்ற ஆண்டு முன்னங்கால் தசைநார் கிழிந்தது. இனி நடை மட்டும்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து எட்டு வயதுப் பெண் குதிரை ஒன்றை வரவழைத்தோம். நானும் என் தோழியும் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கிறோம். மிகவும் சுத்தமான குதிரை. பயிற்சி முடிந்த பிறகும் உடம்பு காய்ந்தே இருக்கும், மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் வாங்கும். சென்ற மாதம் மலேசியாவில் ஒரு சிறிய போட்டி. டிரஸ்ஸாஜில் 38.5 தண்டப் புள்ளி. கிராஸ் கன்ட்ரியில் பாதிக்கு மேல் ஓடியபின் தண்ணீர்த் தடையில் இரண்டு முறை நின்றுவிட்டாள். மூன்றாவது முறை முயலாமல், விலகுகிறேன் என்று கையை உயர்த்திவிட்டு வெளியே வந்தேன்.

"இவ்வளவு செலவு செய்தது இதற்கா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நான்கு மாதத்தில் அடுத்த போட்டி. நான் என்ன எதிர்பார்க்கலாம்? குதிரை சரியில்லையா, நான் சரியில்லையா?

வாசகி, ஈசூன்

*

அன்புள்ள தங்கைக்கு,

போட்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியை மூன்று முறை படித்தேன். உடம்பு காய்ந்தே இருக்கும், மூச்சு மட்டும் வாங்கும் என்கிறீர்கள். அதைச் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஊர் வெக்கையில் வேலை செய்துவிட்டு வரும் குதிரை நனைந்திருக்க வேண்டும்.

என் அப்பா புக்கிட் தீமா பந்தயத் திடலில் சைஸ், அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவர். லாயத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு குதிரையின் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் பேசாமல் அடுத்த குதிரைக்குப் போய்விடுவார். காய்ந்திருந்தால் அவர் முகம் மாறிவிடும். 'டிரை கோட்' என்பார்கள் அதை. மனிதரைப் போலவே குதிரையும் வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் வருடம் முழுவதும் இறங்காத ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் மெல்ல மெல்ல ஓய்ந்துவிடும். முற்றிலும் நிற்கும் முன், பிடரி மயிருக்கு அடியிலும் சேணம் இருந்த இடத்திலும் மட்டும் கொஞ்சம் ஈரம் தெரியும். தோல் வழியாக வெளியேற முடியாத சூட்டை மூச்சு வழியாகத் தள்ளப் பார்க்கும். மூக்குத் துவாரங்கள் விரிந்து, விலா வேகமாக ஏறி இறங்கும். அந்த நிலையில் கிராஸ் கன்ட்ரி வேகத்தில் ஓடவிட்டால் வெப்பத்தாக்கு வந்து குதிரை விழலாம், இறக்கவும் செய்யலாம்.

ஒரு கடிதத்தை வைத்து நோய் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆகவே இந்த வாரமே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். தோலுக்குள் சிறிதளவு மருந்து செலுத்தி, அந்த இடம் வியர்க்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். ஓய்வில் குதிரையின் உடல் வெப்பம் பொதுவாக 37.5 முதல் 38.5 டிகிரி வரை இருக்கும். பயிற்சி முடிந்தவுடனும் அரை மணி நேரம் கழித்தும் வெப்பமானி வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். மருத்துவர் பார்க்கும்வரை நடையைத் தவிர எதுவும் வேண்டாம். நோய் அதுதான் என்றால் உறுதியாகக் குணமாக்கும் மருந்து இல்லை. விடியற்காலையில் மட்டும் பயிற்சி, லாயத்தில் விசிறி, குளிர்ந்த நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது, தீவனத்தில் உப்புச் சத்து என்று சமாளிக்க வேண்டும். சில குதிரைகளைக் குளிர்ந்த ஊருக்கே திருப்பி அனுப்ப நேரும். அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தண்ணீர்த் தடைக்கு வருவோம். பாதிக்கு மேல் ஓடிய பிறகு நின்றாள் என்கிறீர்கள். அவள் தண்ணீருக்குப் பயந்து நின்றாளா, உள்ளே சூடேறி முடியாமல் நின்றாளா? இதற்கு விடை தெரியும்வரை குதிரை சரியில்லையா, நீங்கள் சரியில்லையா என்ற கேள்விக்கே இடமில்லை.

பழைய குதிரையோடு இவளை ஒப்பிடுகிறீர்கள், அதுவும் எனக்குக் கவலை தருகிறது. கடைசி இரண்டு வருடங்களில் அவன் எங்கும் நின்றதில்லை என்று எழுதினீர்கள். முதல் நான்கு வருடங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவன் உங்களிடம் வந்த ஐந்தாவது மாதத்தில் என்னென்ன செய்தான் என்று நினைத்துப் பாருங்கள். அவனுடைய ஆறாவது வருடத்தை இவளுடைய ஐந்தாவது மாதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இவள் தோற்கத்தான் செய்வாள். இன்னொன்றும் உண்டு. அவன் கிராஞ்சியில் ஓடியவன், உங்களிடம் வரும் முன்பே இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழகியிருந்தான். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. இந்த ஊருக்குப் பழகிய பந்தயக் குதிரை இனி நமக்கு எளிதில் கிடைக்காது. வெளியிலிருந்து வரும் குதிரை ஒவ்வொன்றும் ஊரையும் நம்மையும் ஒருசேரக் கற்க வேண்டியிருக்கிறது.

குதிரையோடு உள்ள பழக்கம் எவ்வளவு பெரியது என்பதற்கு இந்திய ஈவென்டிங் வீரர் ஃபுவாத் மிர்சாவைப் பாருங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் சென்யூர் மெடிகாட் என்ற குதிரையில் தனிநபர் வெள்ளி வென்றவர். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெற்றது வேறு குதிரைகளில். ஆனால் 2021-இல் அங்கே போய் ஏறியது ஏற்கெனவே பழகிய மெடிகாட்டின் மீதுதான். கிராஸ் கன்ட்ரியில் அவருக்கு விழுந்த தண்டப் புள்ளி 11.20, அத்தனையும் நேரத்துக்காக. நொடிக்கு 0.4 என்ற கணக்கில் 28 நொடித் தாமதம். கடைசியில் 23-ஆவது இடம்.

இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் புதிய குதிரையை மனத்தில் வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு தடையில் முதல் முறை நின்றால் 20, அதே தடையில் இரண்டாம் முறை நின்றால் 40. உங்களுக்கு 60 போனது. ஒரு முறை நிற்பதற்குக் கொடுக்கும் 20 புள்ளியில் ஐம்பது நொடித் தாமதத்தை வாங்கிவிடலாம். அதனால் முதல் வருடத்தில் கடிகாரத்தை மறந்துவிடுங்கள். குறித்த நேரத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும். குதிரையின் நெற்றிக்கு நேர்முன்னே அதற்குத் தெரியாத ஓர் இடம் உண்டு. தண்ணீரின் ஆழமும் அதற்குத் தெரியாது. இறங்கலாம் என்று நீங்கள் சொல்வதை நம்பித்தான் அது காலை வைக்க வேண்டும். ஐந்து மாதத்தில் அந்த நம்பிக்கையைக் கேட்பது அதிகம். பார்க்க நேரம் கொடுங்கள், டிராட் என்ற மெல்லோட்டத்திலேயே அணுகுங்கள்.

நான்கு மாதத்தில் வரும் போட்டிக்கு, மருத்துவர் தெளிவாகச் சரி என்று சொன்னால் மட்டும் போங்கள். போவதானால் போட்டித் தரத்தில் ஒரு படி கீழே இறங்குங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எதிர்பார்ப்பையும் ஒன்றோடு நிறுத்துங்கள்: தண்ணீருக்குள் ஒரு முறை அமைதியாக இறங்கி ஏற வேண்டும். டிரஸ்ஸாஜில் 38.5 தண்டப் புள்ளி என்றால், நூறில் மீதி 61.5 விழுக்காட்டை நடுவர்கள் கொடுத்திருக்கிறார்கள். அந்நிய மண்ணில், அறிமுகமாகி ஐந்தே மாதமான குதிரைக்கு எனக்கு அது மகிழ்ச்சியான எண். ஜம்பிங்கில் கம்பு விழுந்தால் 4 புள்ளிதான், அதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டாரிடம் அந்தக் கை உயர்த்தலைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மூன்றாம் முறையும் அவள் நின்றிருந்தால் விதிப்படி வெளியேற்றியிருப்பார்கள். விதி இருக்கட்டும், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு குதிரையைச் சாட்டையால் உள்ளே தள்ளாமல் திரும்பியிருக்கிறீர்கள். அவள் இன்று உயிரோடு நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பழைய குதிரைக்கு நடை மட்டும்தான் என்றீர்கள். அந்த நடை நமக்குப் போதும். இருவருக்கும் மருத்துவர் அனுமதி தந்த பிறகு, மழை விட்ட ஒரு காலையில், பயிற்சித் திடலில் கணுக்கால் அளவு நீர் தேங்கிய இடத்துக்கு இருவரையும் கூட்டிப் போங்கள். தரை வழுக்கவில்லை என்று முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். தோழி அவனைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கட்டும், நீங்கள் இவளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வாருங்கள். சேணம் வேண்டாம். அவன் சாவகாசமாகத் தண்ணீருக்குள் போய் நிற்பான். இவள் கரையில் எவ்வளவு நேரம் நின்றாலும் கயிற்றை இழுக்காதீர்கள்.